முறை வரும்வரை: கொழும்புத் தமிழ் ரசிகர் கூட்டங்களின் ஒரு நூற்றாண்டு

படக்கதைகள், அறிவியல் புனைவு, ஜப்பானிய அனிமே ஆகியவற்றின் ரசிகர்கள் ஒன்றுகூடும் மாநாடுகள் கொழும்பில் 2010களில்தான் வேரூன்றின. லங்கா கொமிக் கொன் அவற்றில் பலரும் அறிந்த பெயர். இத்தகைய மாநாடுகளுக்குப் போகிறவர்களுக்கென்று உலகெங்கும் ஒரு நடத்தைக் கோவை உருவாகியிருக்கிறது. வேடம் தரித்து வந்தவரைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, அவருடைய உடையைத் தொடக் கூடாது, கேள்வி நேரத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பிரசங்கம் செய்யக் கூடாது, வரிசையில் இடையில் புகக் கூடாது, புதிதாக வந்தவரைப் பரீட்சை வைத்து மட்டம் தட்டக் கூடாது என்று அந்தப் பட்டியல் நீளும். இதைப் பார்த்து நம்மவர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். இதெல்லாம் வெள்ளைக்காரர் பழக்கம், நமக்கு எதற்கு என்பது ஒன்று. நம்முடைய சனத்துக்குக் கூட்டத்தில் நடந்துகொள்ளத் தெரியாது, இப்போதாவது படிக்கட்டும் என்பது மற்றது. எதிரெதிர்ப் பேச்சாகத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: தமிழ் ரசிகர் கூட்டத்துக்கென்று ஒரு மரியாதை மரபு இருந்ததே இல்லை என்பது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடந்த நூறாண்டில் தமிழ் ரசிகர்கள் கூடிய இடங்களின் வரலாறு அந்த எண்ணத்தை மறுக்கிறது. நட்சத்திரத்தின் மீதுள்ள பக்தியால் ரசிகர் ஒழுங்கு வளரவில்லை. எவருக்கும் சொந்தமில்லாத ஒன்றைப் பலர் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ள நேர்ந்த இடங்களிலேயே வளர்ந்தது.

திரைப்படத்துக்கு முந்திய மேடையிலிருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டின் இசை நாடகக் குழுக்களுக்குக் கொழும்பு ஒரு முக்கியமான சந்தை. கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் சந்தித்து இணைந்து நடிக்கத் தொடங்கியதே 1926இல் இலங்கைக்கு நாடகமாட வந்தபோதுதான். அந்த மேடையில் ரசிகனுக்கு இருந்த மிகப் பெரிய ஆயுதம் ‘வன்ஸ்மோர்’. பாட்டுப் பிடித்துவிட்டால் கூட்டம் அந்த ஒற்றைச் சொல்லைக் கத்தும். நடிகர் கதையை நிறுத்திவிட்டு மறுபடி பாடுவார். செத்து விழுந்த பாத்திரம் எழுந்து நின்று பாடிவிட்டு மீண்டும் சாவது இசை நாடக மேடையில் சாதாரணம். விடிய விடிய நடக்கும் நாடகத்தில் சாப்பிடுவதும் இடையில் தூங்கி எழுவதும் குற்றமாகக் கருதப்படவில்லை. ஆகவே அதை ஒழுங்கீனம் என்று இன்றைய அளவுகோலால் அளப்பது தவறு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நட்சத்திரம் எதிரே நிற்கிறது; கேட்டால் கிடைக்கிறது; உரக்கக் கேட்டவனுக்கு முதலில் கிடைக்கிறது. கதை நகரட்டும் என்று காத்திருப்பவனுக்குக் கத்துவதற்கு ஒரு சொல்லும் இல்லை. நட்சத்திரத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே நேரடியான கொடுக்கல் வாங்கல் நடக்கும் இடத்தில் பக்கத்து இருக்கைக்காரர் மறைந்துபோகிறார்.

இது தமிழருக்கு மட்டும் உரிய குணமல்ல. இரு ஷேக்ஸ்பியர் நடிகர்களின் ரசிகர்கள் மோதிக்கொண்டதில் நியூயோர்க்கின் அஸ்டர் பிளேஸ் அரங்குக்கு வெளியே 1849 மே 10 அன்று இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அமெரிக்க நடிகர் எட்வின் ஃபொரெஸ்ட்டின் ஆட்கள் ஆங்கில நடிகர் மக்ரெடியை மேடையிலிருந்து விரட்ட வந்தார்கள், படையினர் சுட்டார்கள். அரங்கை இருட்டாக்கிப் பார்வையாளரை மேடையை மட்டுமே நோக்கி உட்கார வைக்கும் பழக்கம் ஐரோப்பாவில் உறுதிப்பட்டது 1876இல் வாக்னர் பைரொய்த் அரங்கைத் திறந்த காலத்துக்குப் பிறகுதான். அமைதியான அவை என்பது எங்கோ பிறந்து நமக்கு வராமல் போன பிறவிக்குணம் அல்ல. எல்லா இடத்திலும் குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட காரணங்களால் உண்டாக்கப்பட்ட பழக்கம். கொழும்புத் தமிழரிடம் அத்தகைய பழக்கத்தை உண்டாக்கிய காரணங்கள் எவை என்பதே நம் கேள்வி.

முதற் காரணம் திரை. 1928இல் சிற்றம்பலம் கார்டினர் நிறுவிய சிலோன் தியேட்டர்ஸ், பின்னர் கே. குணரத்தினத்தின் சினிமாஸ் லிமிடெட் என்று நாட்டின் திரைப்பட வணிகத்தின் பெரும்பகுதி தமிழர் கையில் வளர்ந்தது. வெள்ளவத்தையில் காலி வீதியோரத்து சவோய், பிளாசா, கொட்டாஞ்சேனையில் செல்லமகால் என்று படமாளிகைகள் ஊரின் அடையாளங்களாயின. திரைக்கு வன்ஸ்மோர் கேட்காது. றீல் ஓடிக்கொண்டே இருக்கும். எம்.ஜி.ஆர். வாள் சுழற்றும்போது மலிவுச் சீட்டுக் கலரியில் எழும் விசில் எம்.ஜி.ஆரின் காதுக்குப் போவதில்லை என்பது அடிப்பவனுக்கே தெரியும். அந்த விசில் பக்கத்திலிருப்பவனுக்கானது; நானும் உன் கட்சி என்று சொல்வதற்கானது. இப்படி நட்சத்திரத்திடமிருந்து திரும்பிச் சக ரசிகனை நோக்கியதுதான் முதல் மாற்றம். கலரிக்கு எழுதப்படாத இலக்கணம் ஒன்றும் உருவாகியது. நாயகன் முதன்முதலாகத் தோன்றும் காட்சிக்கு விசில் உண்டு. பாட்டுக்கும் சண்டைக்கும் உண்டு. தாய் அழும் காட்சியில் கிடையாது. படம் அறுந்தால் கூக்காட்டலாம். அது இயந்திர அறைக்கான செய்தி. முன்னால் இருப்பவன் எழுந்து நின்றால் உட்காரச் சொல்ல எவனுக்கும் உரிமை உண்டு, அவனை அடிக்க உரிமை இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். கலரியில் விசிலடித்ததையும் கூக்காட்டியதையும் மரியாதை என்று சொல்வது வரலாற்றை அழகுபடுத்துவதல்லவா? பல்கனியில் குடும்பத்தோடு வந்து அமர்ந்த உத்தியோகத்தர்களுக்குக் கலரி என்றால் காடைத்தனம் என்ற எண்ணம் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த எண்ணம் அடுத்தவருக்கு இடைஞ்சல் என்பதையும் கீழ் வகுப்பின் சத்தம் என்பதையும் ஒன்றாகக் குழப்பியது. மௌனம் ஒரு வகை மரியாதை. அதுவே மரியாதை முழுவதும் அல்ல. ஒரு கூட்டத்தில் எப்போது சத்தமிடலாம், எப்போது கூடாது என்பது அங்குள்ள எல்லோருக்கும் தெரிந்திருந்து, மீறுபவனை அந்தக் கூட்டமே அடக்குமானால் அங்கே ஒழுங்கு இருக்கிறது. தமிழ்நாட்டு ரசிகர் மன்றங்களை மதுரையில் ஆராய்ந்த சாரா டிக்கி, இரத்ததானம், ஏழைகளுக்கு உதவி என்று அவர்கள் செய்த வேலைகளையும் அதனால் அவர்கள் தேடிய கௌரவத்தையும் தம் ஆய்வில் விரிவாகப் பதிவு செய்தார். வெளியிலிருந்து வெறியாகத் தோன்றியதற்கு உள்ளே ஒரு நன்னடத்தைக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு அது சான்று.

கொட்டாஞ்சேனையின் முந்திய வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் படமாளிகை சாதித்தது இன்னும் தெளிவாகும். 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் தீபதுத்தமாராம விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம் புனித லூசியா பேராலயத்துக்கு அண்மையில் கத்தோலிக்கரால் தாக்கப்பட்டது. மேளம், வழிபாட்டு நேரம், வீதி ஆகியவற்றின் மீது இரு தரப்பும் முழு உரிமை கோரியதன் விளைவு அது. எண்பது ஆண்டுகளுக்குப் பின் அதே பேட்டையின் படமாளிகையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும், சைவரும் கத்தோலிக்கரும் ஒரே கலரிப் பலகையில் தோளுரசி உட்கார்ந்து தமிழ்ப் படம் பார்த்தார்கள். மனிதர் திருந்திவிட்டார்கள் என்பதல்ல விடயம். வீதியைத் தன்னுடையது என்று ஒரு தரப்பால் சொல்ல முடிந்தது. சீட்டு வாங்கி உட்கார்ந்த மூன்று மணி நேர இருட்டை அப்படிச் சொல்ல யாராலும் முடியவில்லை.

இரண்டாவது காரணம் வானொலி. இதுவே கொழும்பின் தனிச்சொத்து. 1925 டிசம்பரில் தொடங்கிய ஒலிபரப்பு 1949இல் ரேடியோ சிலோன் என்ற பெயரைப் பெற்றது. 1950 செப்டெம்பர் 30இல் வர்த்தக சேவை ஆரம்பமானது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒதுக்கினார். 1957இல் அதன் விவித் பாரதி சேவை பிறக்கும்வரை இந்தியத் துணைக்கண்டத்தின் திரைப்பாடல் தாகத்தைத் தீர்த்தது கொழும்பிலிருந்து புறப்பட்ட சிற்றலை. இந்தியில் அறிவிப்பாளர் அமீன் சயானி எப்படியோ தமிழில் எஸ். பி. மயில்வாகனன் அப்படி. பின்னர் ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் என்று ஒரு பரம்பரை. பாட்டு மதராஸில் பிறந்தது. அதைக் கேட்கும் கூட்டம் தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் பதுளையிலும் இருந்தது. அவர்கள் எல்லோரும் கூடும் இடம் கொழும்பின் ஒலிபரப்பு அறையாக இருந்தது.

நேயர் விருப்ப நிகழ்ச்சி வழியாக அந்த அறைக்குள் நுழைய ஒரு தபாலட்டை போதும். ஆனால் அந்த அட்டை சில பழக்கங்களைக் கோரியது. பாடல், படம், யாருக்காகக் கேட்கிறோம் என்பதெல்லாம் சில வரிகளுக்குள் அடங்க வேண்டும். நீட்டி எழுதியவருடையது வாசிக்கப்படாது. எழுதிப் போட்டபின் காத்திருக்க வேண்டும். இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த வாரம். ஒரே பாட்டை ஐம்பது பேர் கேட்டிருந்தால் ஐம்பது பெயரும் வாசிக்கப்படும், பாட்டு ஒரு தடவைதான் ஒலிக்கும். வன்ஸ்மோருக்கு நேர் எதிரான ஏற்பாடு இது: உரக்கக் கேட்டவனுக்கு முதலில் என்பது போய், எழுதியவர் எல்லோருக்கும் ஒரே பாட்டு என்றாயிற்று. தன் விருப்பப் பாடலைக் கேட்கக் காத்திருந்தவர், அதற்கு முன்னால் முன்பின் அறியாத ஊர்களின் பெயர்களையும் வேறொருவரின் விருப்பங்களையும் கேட்டாக வேண்டும். பிறந்தநாள் வாழ்த்தில் குழந்தையின் பெயரோடு அம்மப்பா, அம்மம்மா, சித்தி, மாமா என்று உறவு முழுவதும் வரிசையாக வரும். நாடு முழுவதும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும். பாட்டுக்கு முன்னால் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர்கள் என்று உரியவர்களுக்கு உரிய பெயரைச் சொல்லும் அறிவிப்பாளர் வழக்கம் இன்னொரு பாடத்தையும் புகட்டியது: திரையில் வாயசைக்கும் முகத்துக்குப் பின்னால் வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள், ரசிகன் என்றால் அவர்களையும் அறிந்தவன். சுருங்கச் சொல்லுதல், முறைக்குக் காத்திருத்தல், பிறர் விருப்பத்துக்கு இடம் விடுதல், உழைத்தவருக்குப் பெயர் கொடுத்தல். இன்றைய மாநாட்டுக் கோவைகளில் பாதியை இந்த நான்கில் அடக்கிவிடலாம்.

இதற்கும் மறுப்பு உண்டு. வானொலி நேயர்களை ஒரு கூட்டம் என்று எப்படிச் சொல்வது? ஒருவரையொருவர் கண்டதே இல்லை. அத்தோடு, அந்த ஒழுங்கு நேயர்களுடையது அல்ல. எந்த அட்டையை எடுப்பது, எதைக் குப்பையில் போடுவது என்று தீர்மானித்த அறிவிப்பாளருடையது. முதலாவதற்குப் பதில் எளிது: அயலவரின் வானொலியோ கடைவாசல் ஒலிபெருக்கியோ இன்றித் தனியே கேட்டவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. ஒரே நேரத்தில், ஒரே பாட்டை, பிறர் பெயர்களோடு சேர்த்துக் கேட்பது முகம் காணாத கூடல்தான். இரண்டாவது மறுப்பு கனமானது. அறிவிப்பாளர் வாசற்காவலர் என்பது உண்மை. ஆனால் காவலர் இருப்பதால் மட்டும் மரியாதை வந்துவிடாது. அதிகாரத்துக்குப் பணிவது வேறு, முறையை ஏற்பது வேறு. அடுத்த வாரமும் எழுதுவார்களா என்பதுதான் சோதனை. தம் அட்டை வாசிக்கப்படாத நேயர்கள் நிலையத்தின் மீது கல்லெறியவில்லை, இன்னொரு அட்டை வாங்கினார்கள். யாழ்ப்பாணத்துப் பெயரும் மலையகத்துப் பெயரும் தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பெயரும் ஒரே குரலில், ஒரே மதிப்போடு வாசிக்கப்படுகின்றன என்ற நம்பிக்கை இல்லாமல் அது நடந்திருக்காது. காவலர் நேர்மையாக இருந்தால் வரிசை தானாக நிற்கும் என்பது வானொலி தந்த சான்று.

உலகின் மறுபக்கத்தில் அறிவியல் புனைவு ரசிகர்கள் இதே பாடத்தைக் கசப்பாகப் படித்தார்கள். 1937 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் சிறு கூட்டமொன்று கூடியது. முதல் அறிவியல் புனைவு மாநாடு என்று பலராலும் சொல்லப்படுவது அது. அங்கே இருந்த இளைஞர்களில் ஒருவர் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் இறக்கும்வரை கொழும்பையே ஊராக்கிக்கொண்டவர். உலகின் முதலாவது என்று சொல்லப்படும் ரசிகர் மாநாட்டைக் கண்டவர் இந்த நகரவாசியாக இருந்தார் என்பது, ரசிகர் மாநாடு கொழும்புக்கு முற்றிலும் அந்நியம் என்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி. 1939 ஜூலையில் நியூயோர்க்கில் முதல் உலக மாநாடு நடந்தபோது, துண்டுப் பிரசுரம் விநியோகித்துக் குழப்பம் செய்வார்கள் என்று அஞ்சி ஆறு ரசிகர்களை அமைப்பாளர்கள் வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். அவர்களில் ஃபிரெடெரிக் போல், டொனல்ட் வொல்ஹைம் போன்று பின்னாளில் அத்துறையின் தூண்களானவர்கள் இருந்தார்கள். இங்கே பக்திவெறி ஊட்டிய நட்சத்திரம் யாரும் இல்லை. சண்டை ரசிகருக்கும் ரசிகருக்கும். அப்படியானால் நட்சத்திரத்தின் தூரம் மட்டும் மரியாதையைத் தராது என்றாகிறது. உண்மைதான். நியூயோர்க்கில் ஒரு கன்னை வாசலைச் சொந்தமாக வைத்திருந்தது. எதிர்க்கன்னை வெளியே நின்றது. கொழும்பிலும் எம்.ஜி.ஆர். கட்சி, சிவாஜி கட்சி என்று கன்னைகள் இருந்தன, வாய்ச்சண்டைக்குக் குறைவில்லை. ஆனால் இரண்டு கட்சிக்கும் ஒரே வானொலி, ஒரே நேயர் விருப்ப நேரம். சிவாஜி பாட்டுக்குப் பின்னால் எம்.ஜி.ஆர். பாட்டு வரும் என்பதை மாற்ற எவராலும் முடியாது. வாசல் எந்தக் கன்னையிடமும் இல்லாததுதான் வேறுபாடு.

நட்சத்திரமே நேரில் வந்தபோது இந்த ஒழுங்கு எவ்வளவு மெலிந்தது என்பதும் தெரிந்தது. கண்டியில் பிறந்தவரான எம்.ஜி.ஆர். 1965இல் பி. சரோஜாதேவியோடு இலங்கைக்கு வந்தார். அவரைக் காணச் சனம் அலைமோதியது. ஆண்டுக்கணக்காகத் திரையிலும் வானொலியிலும் பகிர்ந்து பழகியதை எல்லோருக்கும் சமமாகப் பகிர அங்கே வழியில்லை. ஒரு மனிதரின் உடல் ஓர் இடத்தில்தான் இருக்கும்; முன்னால் நிற்பவன் பார்ப்பான், பின்னால் நிற்பவன் தள்ளுவான். 2024 டிசம்பர் 4 இரவு ஐதராபாத்தின் சந்தியா திரையரங்கில் ஓடிய படத்தின் நாயகரே அங்கு வந்தபோது ஏற்பட்ட நெரிசலில் ஒரு பெண் இறந்தார். அதே படத்தை அன்றிரவு எத்தனையோ அரங்குகளில் அத்தனை கூட்டம் பார்த்தது. வேறுபாடு நாயகரின் வருகை ஒன்றே. பக்தி மிகுந்தால் ஒழுங்கும் மிகும் என்பவர்கள் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

1970களில் நிலைமை வேறொரு வழியாக மாறியது. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சி இந்தியச் சஞ்சிகைகளின் வரவைக் கட்டுப்படுத்தியது. 1972இல் உருவான அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் பட இறக்குமதியைத் தன் கையில் எடுத்தது. மதராஸிலிருந்து வருவது சுருங்கியபோது உள்ளூர் மேடை விரிந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோரின் பொப்பிசை அரங்குகளில் ரசிகர் முன் நின்றவர் எட்டாத நட்சத்திரமல்லர், இதே ஊர்க்காரர். ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சி இன்னும் ஒரு படி மேலே போனது. அப்துல் ஹமீத் நடத்திய அந்த நிகழ்ச்சியில் மேடையேறியவர் ரசிகரே. கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாடலைக் குறித்த நேரத்துக்குள் பாட வேண்டும். தவறினால் வாய்ப்பு அடுத்தவருக்குப் போகும். தோற்றவரும் கைதட்டல் பெற்றே இறங்கினார். ரசிகரின் அறிவைக் காட்ட மேடையும் கிடைத்தது, அந்த அறிவால் இன்னொருவரை அவமதிக்க இடமும் இருக்கவில்லை. அனிமே மாநாட்டில் புதியவரைக் கேள்வி கேட்டு மடக்கும் மூத்த ரசிகர்களுக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி கிடையாது.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறை இந்த மரபை அறுத்தது. வெள்ளவத்தை எரிந்தது, ஹெந்தளையில் குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவும் எரிந்தது. 1989இல் குணரத்தினமும் கே. எஸ். ராஜாவும் கொல்லப்பட்டார்கள். படமாளிகையில் தோளுரசி உட்காரும் பழக்கத்துக்கு அடிப்படையான நம்பிக்கையே உடைந்தபின், ரசிகர்கள் வீடியோவுக்கும் பூட்டிய கதவுக்கும் பின்னால் போனார்கள். பலர் நாட்டை விட்டே போனார்கள். அவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் தொடங்கிய தமிழ் வானொலிகளில் பிறந்தநாள் வாழ்த்தும் விருப்பப் பாடலும் முதல் வேலையாக இடம்பிடித்ததைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. இருப்பினும் ஒரு தலைமுறை முழுவதும் பொதுக்கூடலின் பயிற்சி இல்லாமல் வளர்ந்தது. இன்றைய இளைஞரின் நடத்தையைக் குறைகூறும் மூத்தவர்கள், தமக்கு வாய்த்த பள்ளிக்கூடம் அவர்களுக்கு வாய்க்கவில்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பழைய மரபைப் போற்றும்போது அதன் பெரிய ஓட்டையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பெண்களுக்கு வானொலி இடம் கொடுத்தது; தபாலட்டை எழுத வீட்டை விட்டு இறங்க வேண்டியதில்லை. ஆனால் நேரில் கூடும் இடங்களில் அவர்களின் பாதுகாப்பைக் கூட்டத்தின் பொறுப்பாக அந்த மரபு கருதவில்லை. கூட வந்த அண்ணனின் அல்லது தகப்பனின் பொறுப்பாக விட்டுவிட்டது. தனியே வந்த பெண் அந்தக் கணக்கிலேயே இல்லை. வேடம் அணிந்ததால் சம்மதம் என்று பொருளல்ல என்ற அறிவிப்புப் பலகையை நியூயோர்க் கொமிக் கொன் 2014இல் வாசலிலேயே நிறுத்தியது. கேட்டுவிட்டுப் படம் எடு, தொடாதே, மறுத்தால் விலகு என்ற விதிகள் நம் பழைய கூடல்களிலிருந்து தாமாக முளைத்திருக்க மாட்டா. இங்கே நாம் கடன் வாங்கத்தான் வேண்டும், வாங்குவதில் வெட்கமும் இல்லை. எனினும் அந்த விதி அடிப்படையில் சொல்வது நேயர் விருப்பம் சொன்னதைத்தான்: நீ ரசிக்கிறாய் என்பதால் அது உன்னுடையதாகிவிடவில்லை. பாட்டுக்குப் பொருந்தியது மனித உடலுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்பதைப் பழைய தலைமுறை நீட்டிப் பார்க்கவில்லை. இந்தத் தலைமுறை பார்க்கிறது.

அண்மைய அனுபவம் ஒன்றை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். 2024 பெப்ரவரி 9 அன்று யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் பாட வந்தார். தமிழ்நாட்டிலிருந்து திரைக் கலைஞர்களும் வந்தார்கள். பணம் கட்டியவர்களுக்கு முன்னால் கதிரை, இலவசமாக வந்தவர்களுக்குத் தடுப்புக்குப் பின்னால் நிற்க இடம். பின்னால் நின்றவர்கள் தடுப்பை உடைத்து முன்னே பாய்ந்தார்கள். நிகழ்ச்சி குழம்பி இடையில் தடைப்பட்டது. மறுநாள் தொடக்கம் பலரும் இளைஞரின் வளர்ப்பைப் பற்றியே பேசினார்கள். கதிரைகளை மிதித்துக் கொண்டு ஓடியவர்களுக்கு வக்காலத்து வாங்க வேண்டியதில்லை, மிதிபட்டவர்களும் ரசிகர்களே. ஆனால் அந்த மைதானத்தில் தபாலட்டைக்குச் சமமானது எது? பின்னால் நின்றவருக்குக் காத்திருந்தால் கிடைக்கும் என்று சொல்ல அங்கே என்ன இருந்தது? மேடை தெரியவில்லை என்றால் நாளைக்குத் தெரியப்போவதுமில்லை. முறை என்று ஒன்று இல்லாத இடத்தில் முறை தவறியதாகக் குற்றம் சாட்டுவது பாதி நியாயம்தான். மறுபாதி, கூட்டத்தை அழைத்தவர்களைச் சேரும்.

வறுமையும் நெரிசலும் உள்ள சமூகத்தில் எந்த ஏற்பாடு செய்தாலும் இப்படித்தான் முடியும் என்று சிலர் சொல்லக்கூடும். 1950களின் கொழும்பு இன்றையதைவிடச் செல்வமாக இருக்கவில்லை. நேயர்களில் பெரும்பாலோர் வானொலிப் பெட்டி வாங்க வசதியற்றவர்கள். வரிசையில் நிற்கப் பணம் தேவையில்லை. தன் முறையும் வரும் என்ற நம்பிக்கை தேவை. ஆகவே அடுத்த ரசிகர் மாநாட்டை வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நடத்த நினைப்பவர்கள் விருந்தினரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதோடு விதிகளை முடித்துவிடக் கூடாது. ஒலிவாங்கி ஒருவரிடம் எத்தனை நிமிடம் இருக்கும், கையொப்பம் பெறாதவர்கள் மறுநாள் முதலில் நிற்பார்களா, தனியே வந்த பெண் யாரிடம் முறையிடலாம், பின்வரிசைக்கும் மேடை தெரியுமா, எந்தக் கன்னையையும் சாராதவர்கள் கையில் வாசல் இருக்கிறதா என்பவற்றை முதலில் எழுத வேண்டும். வருகிறவர்களிடம் மரியாதையை எதிர்பார்க்கும் உரிமை, இவற்றுக்குப் பதில் வைத்திருக்கும் அமைப்பாளர்களுக்கே உண்டு.